ஒரு எக்ஸ் கிளாஸ் கிடைக்குமா?

எனக்கு ஒரு எக்ஸ் கிளாஸ் வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அதை ஏதோ கோச்சிங் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டு, "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டார். நிஜமாகவே. எஞ்சின் என்று புரிந்ததும் கேள்வி மாறவில்லை, குரல் மட்டும் மாறியது.

ரயில் பைத்தியம் பிடிக்காத நல்லவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஊட்டி ரயிலை மலைமேல் தள்ளிக்கொண்டு போகிறதே, அந்த நீல நிற நீராவி எஞ்சின்தான் எக்ஸ் கிளாஸ். கவனிக்கவும், இழுத்துக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. ஏறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். கொக்கி கழன்றாலும் பெட்டிகள் எஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்ளும், தனியாகக் கீழே ஓடிப்போகாது. டிரைவர் பின்னால் இருப்பதால் அவருக்கு முன்னால் பாதை தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறி டிரைவருக்கு வந்து சேரும்.

எஞ்சின் பிறந்தது சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர் நகரத்தில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலையில். 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952ல் 5, ஆக மொத்தம் 17. இது போதாதென்று 2010களில் நம்ம திருச்சி பொன்மலை பணிமனையே எண்ணெயில் எரிகிற மாதிரி புதிதாகச் சில எக்ஸ் எஞ்சின்களைச் செய்தது. உலகத்தில் எத்தனை ஊரில் இந்த நூற்றாண்டில் புது நீராவி எஞ்சின் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாம்தான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகப் பேச மாட்டோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஒரு பொம்மை ரயில் பாதை இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது துபாய் மாமா வாங்கி வந்த செட். ஆறுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை, அதன்மேல் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன வெளிநாட்டு எஞ்சின். பலகைக்குக் கீழே அப்பாவின் பழைய பைல்கள், மேலே என் ரயில். மூன்று வருடமாக அந்த எஞ்சின் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வட்டம் எனக்கு அலுத்துவிட்டது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் போய் நிஜ எஞ்சினைப் பார்க்க முடிகிற ஒருவன், வீட்டில் எதற்காக யாரோ ஊர் எஞ்சினை வட்டம் சுற்ற விட வேண்டும்?

தேடினேன். ஊட்டியில் கடைகடையாக மரத்தில் செய்த பொம்மை ரயில் விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் குன்னூர் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, எஞ்சின் முன்னாடி நிக்குது?"

"பொம்மைதானுங்க தாத்தா."

"பொம்மைன்னா? முன்னாடி நின்னா அது ஊட்டி வண்டியா?"

அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். அந்த ஒரு கேள்விதான் பிறகு ஐந்து மாதம் என்னைப் படுத்தியது.

இணையத்தில் தேடியபோது எக்ஸ் கிளாஸ் கிடைக்கவில்லை, ஆனால் அதன் ஒன்றுவிட்ட அண்ணன் கிடைத்தார். பெமோ என்று ஒரு ஜெர்மன் கம்பெனி, சுவிஸ் மீட்டர் கேஜ் ரயில்களை 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் மாதிரிகளாகச் செய்கிறது. அவர்களுடைய மாதிரிகளில் ஒன்று ஃபுர்கா மலைப்பாதையின் எச்ஜி 3/4 எஞ்சின். அதே விண்டர்தூர் தொழிற்சாலை, அதே ஆப்ட் முறைப் பல்தண்டவாளம், அதே நான்கு சிலிண்டர் ஏற்பாடு. 1913, 1914ல் செய்தவை, மொத்தம் 10. இவற்றின் கதை சினிமாவுக்கு ஆகும். 1947ல் நான்கு எஞ்சின்களை வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள், டா லாட் என்கிற மலை ஊருக்குப் போகும் பாதைக்கு. போரில் அந்தப் பாதை நின்றுபோக, எஞ்சின்கள் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தன. 1990ல் சுவிஸ் ரயில் ஆர்வலர்கள் போய் அவற்றைக் கப்பலேற்றித் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்து, சிலவற்றைச் சரிசெய்து மறுபடி மலையில் ஓடவிட்டார்கள். படித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகக் கைதட்டினேன்.

ஆனால் அந்த மாதிரியின் விலை என் ஒரு செமஸ்டர் ஃபீஸைத் தாண்டியது. தவிர, அதற்கு ஒரு பக்கம் மூன்று பெரிய சக்கரம், நம்மாளுக்கு நான்கு. நீலப் பெயின்ட் அடித்து "எக்ஸ்" என்று எழுதினாலும் எதிர்வீட்டுத் தாத்தா எண்ணிவிடுவார்.

இதற்கு நடுவில் ஒரு சோதனை. ஜூன், ஜூலை இன்டர்ன்ஷிப்பில் 12,000 ரூபாய் கிடைத்திருந்தது. கல்லூரி சீனியர் ஒருவர் தன்னுடைய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் மாதிரியை 11,000க்குத் தருவதாகச் சொன்னார். 1923ல் டான்காஸ்டரில் செய்த எஞ்சின், 1934ல் மணிக்கு 100 மைலைத் தொட்டது, உலகப் புகழ். மாதிரியும் அழகு, பச்சைப் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு வாரம் தூங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்னொரு அழகான எஞ்சின் என் பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (சீனியர் இன்னும் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுகிறார்.)

ஆக, நானே செய்வது என்று முடிவு. செய்வதென்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இந்தக் கேள்விதான் மொத்த வேலையும்.

முதலில் அளவு. நிஜப் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர், என் தண்டவாளம் 16.5. வகுத்தால் 60 சொச்சம். ஆக எஞ்சின் 60ல் ஒரு பங்கு. கடையில் விற்கும் எந்த அளவோடும் இது ஒட்டாது, அதனால் ரெடிமேட் பெட்டி, வீடு, மனிதர்கள் எதுவும் பொருந்தாது. பரவாயில்லை, விட்டேன்.

அடுத்து ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம், மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏறும். என் நான்கடிப் பலகையில் கணக்குப் போட்டால் ஒரு முனை 4 அங்குலம் உயர வேண்டும். பலகையின் ஒரு முனைக்குக் கீழே எஞ்சினியரிங் மேத்ஸ் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி (நான்கு செமஸ்டரில் அவற்றுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை) பழைய எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். தனியாக ஓரளவு ஏறியது. மூன்று பெட்டியைத் தள்ளச் சொன்னதும், நான்கு அங்குலம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சக்கரம் நின்ற இடத்தில் விர்ரென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் பிடித்து ஏறுவதற்கு ஒரு எல்லை உண்டு என்று புத்தகத்தில் படித்ததைவிட, புத்தகத்தைக் கீழே வைத்ததில் நன்றாகப் புரிந்தது.

அப்படியானால் பல் வேண்டும். அசல் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, இரண்டு பல்பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கத்தான் இந்த ஏற்பாடு. 60ல் ஒரு பங்கில் அதை அறுத்து எடுக்க என்னிடம் கையும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் எங்கள் காலேஜ் லேபில் த்ரீடி பிரிண்டர் இருக்கிறது, அதற்குள் ஒரு டைமிங் பெல்ட் இருக்கிறது. 6 மில்லி அகலம், 2 மில்லிக்கு ஒரு பல். அதே பெல்ட்டைக் காந்திபுரத்தில் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, பல் மேலே பார்க்க, தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டையின்மேல் ஒட்டினேன். பட்டை எதற்கென்றால், நிஜப் பாதையிலும் பல்தண்டவாளம் சாதாரணத் தண்டவாளத்தைவிடக் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். இரட்டைப் பட்டை போய் ஒற்றை ஆனதில் வருத்தம்தான். ஆனால் ஏற வேண்டுமே.

இப்போது பல்சக்கரம். அந்த பெல்ட்டுக்கான 20 பல் புல்லி. ஒரு சுற்றுக்கு 40 மில்லி நகரும். நான் வைத்திருந்த எஞ்சின் சக்கரமோ 16 மில்லி விட்டம், ஒரு சுற்றுக்கு 50 மில்லி. இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் ஒருவர் 40 போக வேண்டும் என்பார், இன்னொருவர் 50 என்பார், நடுவில் பெல்ட் கிழியும். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அதுக்குத்தான தம்பி நாலு சிலிண்டர்!"

அன்று வரை எனக்கு அது வெறும் தகவல். எக்ஸ் எஞ்சினில் கீழே இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே இரண்டு பல்சக்கரத்துக்கு. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் கீழே வேலை செய்யும், அங்கே அழுத்தம் குறைந்த பிறகு மேலே போய் மறுபடி வேலை செய்யும், அதற்கப்புறம்தான் புகைபோக்கி. பல் இல்லாத சமவெளியில் மேல் ஜோடி சும்மா இருக்கும். நீராவியை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம். தாத்தா மீதியைச் சொன்னார். சாதாரணச் சக்கரத்தின் விளிம்பு ஓட ஓடத் தேயும், விட்டம் குறையும். பல்சக்கரத்தின் அளவு அப்படிக் குறையாது. இரண்டையும் ஒரே தண்டில் கட்டிப்போட்டால் தேயத் தேய ஒன்றோடொன்று சண்டை. தனித்தனியாக ஓட்டினால் அவரவர் வேகம் அவரவருக்கு. என் 40, 50 பிரச்சினையை 1914லேயே ஒருத்தன் யோசித்துத் தீர்த்து வைத்திருக்கிறான்!

மேல் சிலிண்டர்கள் நேராகப் பல்சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அவை ஒரு தண்டைச் சுற்றும், அந்தத் தண்டிலிருக்கும் சின்ன கியர் பல்சக்கரத்தின் கியரைச் சுற்றும். நடுவில் கியர் வந்தால் திசை மாறும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே பல்தண்டவாளத்தில் போகும்போது எக்ஸ் கிளாஸைப் பக்கவாட்டில் பார்த்தால், கீழ்க் கம்பி ஒரு திசையில் சுற்ற, மேல்க் கம்பி எதிர்த்திசையில், அதுவும் அதைவிட வேகமாகச் சுற்றும். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சின் எதிரெதிராக ஓடுவது மாதிரி. "கல்லாறு தாண்டினா சத்தமே மாறிப்போகும், கண்ணை மூடிட்டு சொல்லுவேன்" என்றார் தாத்தா.

எனக்கு வேண்டியது இதுதான் என்று அப்போது தெரிந்தது. நீலப் பெயின்ட் சரியாக வராவிட்டாலும் போகட்டும், ஆணி எண்ணிக்கை தப்பினாலும் போகட்டும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள வேண்டும், பல்லைப் பிடித்து ஏற வேண்டும், இரண்டு கம்பியும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது எக்ஸ் கிளாஸ் இல்லை.

அவசரமும் இருந்தது. தாத்தா ஏப்ரலில் சென்னைக்கு மகள் வீட்டோடு போவதாக ஏற்பாடு. "வந்து வந்து பாத்துக்கலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். எண்பதை நெருங்குகிறவருக்கு அது என்ன பேச்சு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செய்த விதத்தை நீட்டி முழக்கப் போவதில்லை. ஓடாத இரண்டு பழைய ஆறுசக்கர எஞ்சின்களைச் சல்லிசாக வாங்கி, அவற்றிலிருந்து நான்கு அச்சு எடுத்தேன். அந்தச் சக்கரங்களுக்கு மோட்டார் கிடையாது, தண்டவாளத்தில் தானாக உருளும், உருளும்போது கீழ்க் கம்பியை ஆட்டும். மோட்டார் மேல் தண்டைச் சுற்றும், மேல் தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும், அசலில் இருக்கிற அதே வரிசை. பாய்லருக்கு வயரிங் வேலைக்குப் போடும் 20 மில்லி பிவிசி பைப். பக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு பிளாஸ்டிக் ஷீட். கம்பிகளுக்குப் பித்தளைத் தகடு, அரம், மூன்று விரலில் பிளாஸ்திரி. புகைபோக்கியை மட்டும் வெளியில் ஓர் இடத்தில் த்ரீடி பிரிண்டில் கொடுத்தேன். அது பைசா கோபுரம் மாதிரி சாய்ந்து வந்தது, கேட்டதற்கு "மாடல் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். பேனா மூடியில் ஒன்று செய்துகொண்டேன், நன்றாகவே இருக்கிறது. மொத்தச் செலவு 6,400 ரூபாய். மீதி அம்மாவிடம். (அதற்குப் பிறகு வீட்டில் எஞ்சின் மேல் மரியாதை கூடியது.)

மோட்டார் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வோர்ம் கியர் உள்ள மோட்டாராகப் பார்த்து வாங்கினேன். அந்த கியரை மோட்டார் சுற்றலாம், ஆனால் வெளியிலிருந்து சக்கரத்தைத் தள்ளி மோட்டாரைச் சுற்ற முடியாது. ஆகவே ஏற்றத்தின் நடுவில் கரண்டை நிறுத்தினாலும் எஞ்சின் அங்கேயே நிற்கும், பின்னால் உருளாது. நிஜ எஞ்சினில் இவ்வளவு சுலபம் இல்லை. மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பதால் அங்கே சிலிண்டருக்குள் காற்றை அடைத்து அந்த அழுத்தத்தையே பிரேக்காகப் பயன்படுத்துவது முதல், கை பிரேக் வரை பல அடுக்கு வைத்திருக்கிறார்கள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பலகையை ஹாலுக்குக் கொண்டுவந்து ஒரு முனையை 4 அங்குலம் தூக்கி வைத்தேன். அட்டையில் செய்த மூன்று நீலப் பெட்டிகள் மேட்டுப் பக்கம், எஞ்சின் பள்ளத்துப் பக்கம். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு, கண் மட்டம் பலகைக்கு வருகிற மாதிரி குனிந்து உட்கார்ந்தார். கண்ட்ரோலைத் திருப்பினேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம், அம்மா மிக்ஸியோ என்று சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சின் ஒரு தடவை உதறியது. அப்புறம் ஏறியது. நத்தை வேகம். நான்கடியை ஏற முக்கால் நிமிஷம். சக்கரம் வழுக்கவில்லை. கீழ்க் கம்பி நிதானமாக முன்னால் சுற்ற, மேல்க் கம்பி அவசர அவசரமாக எதிர்ப்பக்கம்.

தாத்தா எதுவும் சொல்லவில்லை. "இன்னொருக்கா" என்றார். ஏழு தடவை ஓட்டினேன். எட்டாவது தடவை நடுவில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஏற்றத்தில் அப்படியே நின்றது. விரலை நீட்டி மேல்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கம்பி நான் மாத்தி மாத்தி இடுப்பு போன கம்பி தம்பி" என்றார். பிறகு, "பிரேக்ஸ்மேன் எங்க? ஆளில்லாம வண்டிய எடுக்கக் கூடாது."

அந்த வாரமே தீக்குச்சியில் மூன்று ஆள் செய்து பெட்டிக்கு ஒருவராக நிறுத்தினேன், கையில் சிவப்பும் பச்சையும். படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியாயிற்று. மூன்றாவது ஆள் கொடியை இடது கையில் பிடித்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறது.

இப்போது எஞ்சினின் வலது பக்கம் முடிந்துவிட்டது. இடது பக்கக் குழாய்கள் பாக்கி. மேட்டுப்பாளையத்தில் நான் எடுத்த படம் எல்லாம் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தது, ஒரே பக்கம்தான் தெரிகிறது. உங்களில் யாராவது ஊட்டி டூர் போனபோது எக்ஸ் கிளாஸின் இடது பக்கத்தைப் படம் எடுத்திருந்தால், உங்கள் சித்தப்பா குடும்பம் முன்னால் நின்று மறைத்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பி வையுங்கள். சித்தப்பாவை நான் வெட்டிக்கொள்கிறேன் :-)